லைன்ல இருக்கியா, கண்ணு?

அன்புள்ள கண்ணுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. முருங்கை இந்த வருஷம் கிளை முறிகிற அளவுக்குக் காய்த்திருக்கிறது.

போன ஞாயிறு பேசினோமே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். "பொங்கலுக்கு வர்றியா சாமி?" என்று கேட்டேன். "வர்றேம்மா" என்றாய். ஆனால் சட்டென்று சொல்லவில்லை. நடுவில் ஒரு இடைவெளி. அதற்கே எனக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டது. பிள்ளைக்கு வர மனசில்லை, அம்மா வருத்தப்படுவாளே என்று சொல்லிவைத்தாள் என்று புரண்டுகொண்டே கிடந்தேன்.

விடியற்காலையில்தான் உறைத்தது. அப்பா சொன்ன தமாஷுக்கும் உன் சிரிப்பு பிந்தித்தானே வந்தது! "நீ சொல்லு", "இல்லம்மா, நீங்க சொல்லுங்க" என்று நாலு தடவை முட்டிக்கொண்டோமே! அது உன் தயக்கம் இல்லை, லைனுடையது. இந்த வாட்ஸ்அப் குரலைத் துண்டு துண்டாக்கி அனுப்பி, அந்தப் பக்கம் சேர்த்துக் கொடுப்பதற்குள் கொஞ்சம் நேரம் போய்விடுகிறது. டெலிபோன் டிபார்ட்மெண்டில் இத்தனை வருஷம் இருந்தும் அதை மறந்துவிட்டேன் பார்.

இருபது வயதில், வெளியூர் போன்களை இணைத்துவிடுகிற டிரங்க் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வயரைச் சொருகி, பம்பாய்க்கும் அகமதாபாத்துக்கும் நூல் வியாபாரிகளை இணைத்துவிடுவேன். அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாது. ஆனால் லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க "பேசறீங்களா?" என்று நடுவில் நுழைந்தாக வேண்டும். அந்த ஒரு நொடி போதும். "ஜாதகம் பொருந்துதுங்களா?" என்ற கேள்விக்குப் பிறகு ஒரு மௌனம், ஒரு மூச்சு, அப்புறம் "ஊருக்குப் போயி கடுதாசி போடறமுங்க". அந்த மூச்சிலேயே சம்பந்தம் முடிந்துபோயிருக்கும். அந்தக் கால லைனில் கரகரப்பு இருக்கும், இந்தப் பிந்தல் இருக்காது. தாமதம் வந்தால் அது மனுஷனுடையது. அதை நம்பிப் பழகிய காது இது.

அதனால்தான் உன் பேச்சு ஆராய்ச்சியைப் பற்றி நீ வடகம் காயவைத்துக்கொண்டே சொன்னதெல்லாம் எனக்குள் அப்படியே இறங்கியது. 2009-ல் நெதர்லாந்தின் நைமேகன் ஊர் ஆராய்ச்சியாளர்கள் பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள நேரத்தை அளந்தார்கள் என்றாயே. சராசரி சுமார் 200 மில்லிசெகண்ட், நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஜப்பானியர் அதைவிட விரைவு, டேனிஷ்காரர்கள் கொஞ்சம் நிதானம். ஆனால் ஒரு வார்த்தையை யோசித்து வாய்க்குக் கொண்டுவர அரை நொடிக்கு மேல் ஆகுமாம். அப்படியானால் அடுத்தவர் முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயார் செய்கிறோம். நம் பேச்சில் கேள்வி என்பதே கடைசி 'ஆ'வில் இருக்கிறது. "வர்றே" வரைக்கும் வந்தும் இது கேள்வியா இல்லையா என்று தெரியாது. அந்த 'ஆ' விழுவதற்குள் நமக்கு எப்படிப் புரிகிறது? குரல் ஏறுகிற விதத்திலா? அந்தப் பத்தில் தமிழ் இல்லை என்றபோது எனக்கு மனசு சுருக்கென்றது. மொழி ஆராய்ச்சியாளர்கள் லெவின்சனும் பெனலோப்பி பிரவுனும் மரியாதைப் பேச்சை ஆராய்ந்தபோது நம் கோயமுத்தூர் மாவட்டத்துக் கிராமத்துப் பேச்சும் அதில் இருந்தது. இதையும் யாராவது செய்ய வேண்டும். நீ செய்.

நீ அனுப்பிய திண்ணைப் பேச்சின் எழுத்துப் பிரதியை மூன்று தடவை படித்தேன். மூச்சைக் கூட 'ஹ்' என்று எழுதி, மௌனத்தை நொடியின் பத்தில் ஒரு பங்காக அளந்து அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறாய். சிரிப்பைச் 'சிரிக்கிறார்' என்று ஒதுக்காமல் ஒலித்தபடியே எழுதக் கற்றுக்கொடுத்த அந்த கெய்ல் ஜெஃபர்சன் அம்மா எங்கள் வேலைக்கு வந்திருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு இடம் மட்டும் திருத்த வேண்டும். உன் அமுச்சி, அதான் என் அம்மா, கதை சொல்லும்போது நீ கொட்டிய 'உம்'களையெல்லாம் ஒரே மாதிரி எழுதியிருக்கிறாய். அவை ஒன்றில்லை. சின்னதாக மேலே ஏறுகிற 'ம்?' "அப்புறம்?" என்று கேட்கிறது. நீளமாக இறங்குகிற 'ம்ம்...' "ஆமாம், பாவம்" என்கிறது. உன் அசதியில் ஒரு 'உம்' தவறியதும் அமுச்சி என்ன செய்தார்கள்? "தூங்கிட்டியா சாமி?" என்று கதையை நிறுத்திவிட்டார்கள். அந்த 'உம்' இல்லாமல் கதை ஒரு அடி நகராது.

இன்னொன்று, நாலாம் பக்கத்தில் 'வெளிச்சத்தம்' என்று குறித்திருக்கிறாய். அது பல்லி இல்லை கண்ணு. அமுச்சி 'ச்சு' கொட்டியது. பஞ்சாலைக்குப் போன சின்ன அண்ணன் பேச்சு வரும்போதெல்லாம் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுப்பார்கள், அதற்கு மேல் பேச மாட்டார்கள். என் சின்ன வயசிலிருந்து கேட்கிறேன். அந்த இடத்தில் நொடிக்கணக்கையும் சேர்த்து எழுது. ஆனால் அண்ணன் பெயரை வெளியே கொடுக்காதே. எக்ஸ்சேஞ்சில் கேட்டதை நான் உன் அப்பாவிடம் கூடச் சொன்னதில்லை. திண்ணையில் பேசியவர்கள் உன்னை நம்பித்தான் மைக்கை வைக்க விட்டார்கள்.

அமுச்சிக்கு வலது காது இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை. எதற்கும் "ஆங்?" என்கிறார்கள். வந்தால் இடது பக்கம் உட்கார். ரெக்கார்டரையும் கொண்டுவா, சொல்ல வேண்டிய கதை இன்னும் இருக்கிறது என்கிறார்கள்.

வர்றேன் என்று சொன்னது நிஜந்தானே? பதிலைக் கடுதாசியிலேயே எழுது. அது எத்தனை நாள் பிந்தி வந்தாலும் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
அம்மா