டேட்டாபேஸ் சர்வர் எழுந்துவிட்டது, கைகொடுத்தவர்களுக்கு நன்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்சாரம் போய் வந்த பிறகு கிளம்பவே மாட்டேன் என்றிருந்த எங்கள் போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) சர்வர் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. தரவு எதுவும் தொலையவில்லை.

முதல் நன்றி, லாக்கில் (சர்வர் தன் நடப்பை வரிவரியாக எழுதிவைக்கும் கோப்பில்) நேரத்தைப் படித்தவருக்கு. மற்ற எல்லோரும் பிழைச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் வரியின் தொடக்கத்தில் இருந்த மணி, நிமிடத்தைக் கவனித்தீர்கள். மீட்பு தொடங்கிய வரிக்கும் நிறுத்தச் சொன்ன வரிக்கும் நடுவே எப்போது பார்த்தாலும் 90 விநாடி. “இது தானாக விழவில்லை, வெளியிலிருந்து நிறுத்துகிறார்கள்” என்றீர்கள். நிறுத்தியது சிஸ்டம்டி, லினக்ஸில் சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் நிரல்களை) கிளப்பி, நிறுத்திப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள். ஒரு சர்வீஸ் கிளம்ப அது வழக்கமாகத் தரும் கெடு அதே 90 விநாடிதான். திடீரென நின்றுபோன போஸ்ட்கிரெஸோ கடைசி செக்பாயின்ட்டிலிருந்து (அதுவரையிலான மாற்றங்கள் டேட்டா கோப்புகளில் சேர்ந்துவிட்ட இடம்) வால் லாக்கை, அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவைப் படித்து, விட்டுப்போன மாற்றங்களை எல்லாம் திரும்பச் செய்த பிறகுதான் கதவைத் திறக்கும். எங்களுடையதற்கு 90 விநாடி எந்த மூலைக்கு? பாதியில் நிறுத்தப்பட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

அடுத்து, பிஜி_ரீசெட்வால் என்ற போஸ்ட்கிரெஸ் கட்டளை பக்கமே போகாதீர்கள் என்று அழுத்திச் சொன்னவருக்கு. சர்வர் சீக்கிரம் எழுந்தால் போதும் என்ற அவசரத்தில் அந்த யோசனையும் வந்ததுதான். அது வால் லாக்கையே தூக்கி எறிந்துவிடும். சர்வர் எழும், உள்ளே இருக்கும் தரவை நம்ப முடியாது. எதையும் தொடும் முன் சர்வரை நிறுத்திவிட்டு டேட்டா டைரக்டரியை (தரவுக் கோப்புகள் எல்லாம் இருக்கும் ஃபோல்டரை) அப்படியே நகலெடுக்க வைத்ததும் நீங்கள்தான். இந்த மடலை எழுதக் காரணமே அந்த ஒரு சொல்தான்.

கோப்புகளின் உரிமையாளர், அனுமதி, டிஸ்கில் இடம் எல்லாம் சரியா என்று பொறுமையாகக் கேட்டவர்களுக்கும் நன்றி. எல்லாம் சரியாகவே இருந்தன. அதனால்தான் வேறு பக்கம் தேட முடிந்தது.

கடைசியில் செய்தது சின்ன வேலை. சிஸ்டம்டி அமைப்பை மாற்றும் சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளையைக் கொடுத்து, சர்வீஸ் பகுதியில் டைம்அவுட்ஸ்டார்ட்செக் (கிளம்பத் தரும் கெடு) அளவை இன்ஃபினிட்டி, அதாவது எல்லையில்லாதது ஆக்கினோம். இந்த மாற்றம் மூலக் கோப்பைத் தொடாமல் தனி ஓவர்ரைடு கோப்பில் இருப்பதால் பேக்கேஜை அப்டேட் செய்தாலும் அழியாது. அப்புறம் ஸ்டார்ட் கொடுத்துவிட்டுக் கை வைக்காமல் காத்திருந்தோம். இணைப்புகளை ஏற்கத் தயார் என்று லாக் சொல்லும்வரை கூடவே இருந்தவருக்குத் தனியாக ஒரு நன்றி.

மற்ற சர்வர்களிலும் இதே மாற்றத்தைச் செய்துகொண்டிருக்கிறோம்.