பம்பை மாற்றும் முன் ஓ-ரிங்கைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சொகுசு கார்களை வாங்க நினைப்பவர்களுக்காகச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையில், பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகும் வண்டியாக இருந்தால், பம்பையும் ஸ்டீயரிங் பாக்ஸையும் மாற்றுவதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள் என்று எழுதப்பட்டிருந்தது. பேரத்துக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் வாங்கிய பிறகும் அதே கணக்கோடு பட்டறைக்குப் போனால் வீண் செலவுதான் மிஞ்சும் என்பதை, பதினோரு ஆண்டுகளாக ஒரு பழைய பென்ஸை ஓட்டி வருபவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

என்னுடையது 1996-ஆம் ஆண்டு இ 220. டபிள்யூ 124 வரிசையில், புனேயில் பாகங்களைப் பூட்டித் தயாரித்த வண்டி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலையில் வண்டியை எடுத்தால் தரையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கறை தெரியத் தொடங்கியது. நகரில் பெயர் பெற்ற ஒரு பட்டறையில் வண்டியைத் தூக்கி, ஐந்து நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பம்பும் போய்விட்டது, பாக்ஸும் போய்விட்டது என்று சொல்லி 85,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் பார்த்தபோது அடிப்பகுதி முழுவதும் எண்ணெயும் மண்ணும் அப்பிக் கிடந்தது. ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கி அடித்துக்கொண்டு போவதால், ஈரமாக இருக்கும் இடமெல்லாம் ஒழுகும் இடமாகிவிடாது என்பது பட்டறையில் இருப்பவர்களுக்குத் தெரியாததன்று. கழுவிப் பார்க்கும் பொறுமைதான் இல்லை.

உக்கடத்தில் ஒரு வயதான மெக்கானிக் அந்தப் பொறுமையைக் காட்டினார். பம்பையும் ஓஸ்களையும் பாக்ஸையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றடித்து உலர்த்திய பின் குழந்தைகளுக்குப் போடும் முகப்பவுடரைத் துணியில் கட்டி மேலெல்லாம் தட்டிவிட்டார். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பானெட்டைத் திறந்தபோது, பம்பின் மேல் அமர்ந்திருக்கும் ஆயில் டப்பாவின் அடியிலிருந்து வெள்ளைப் பவுடரைக் கிழித்துக்கொண்டு ஒரே ஒரு சிவப்புக் கோடு இறங்கியிருந்தது. டப்பாவுக்கும் பம்புக்கும் நடுவில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றினால், உருண்டையாக இருக்க வேண்டிய ரப்பர் தட்டையாகி, வளைத்தவுடன் முறுக்கு ஒடிவதைப் போல ஒடிந்தது. புது ஓ-ரிங், டப்பாவுக்குள் இருக்கும் ஃபில்டர், ஒரு லிட்டர் ஆயில், அவருடைய கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாயில் வேலை முடிந்தது.

எல்லா வண்டியிலும் ஓ-ரிங்தான் குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை. பெல்ட்டால் சுழலும் பம்ப் ஆயிலை அழுத்தத்தோடு ஸ்டீயரிங் பாக்ஸுக்கு அனுப்புகிறது. வேலை முடிந்த ஆயில் அழுத்தம் குறைந்து டப்பாவுக்குத் திரும்புகிறது. திரும்பி வரும் ஓஸ் வெறும் ரப்பர்தான். இன்ஜின் சூட்டில் ஊறி ஊறி, விரலால் அழுத்தினால் களிமண்ணாக அமுங்கும் நிலைக்கு வந்துவிடும். அதைக் கிளாம்பை இறுக்கிச் சரிசெய்ய முயன்றால் கிளாம்பின் பற்கள் ரப்பரை அறுத்துவிடும் என்பதால், எண்ணெய்க்கும் சூட்டுக்கும் தாங்கும் ஓஸாகப் பார்த்து வாங்கி மாற்றிவிடுவதே நல்லது. அழுத்தத்தோடு போகும் ஓஸ் வேறு வகை. டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய 2 பார் என்றால், ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசி வரை ஒடிக்கும்போது இந்த ஓஸில் ஏறும் அழுத்தம் 50 பாரைத் தாண்டும். அதை வெட்டி நடுவில் கிளாம்ப் போட்டு ஒட்டவைப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அது பிய்த்துக்கொண்டு சூடான எக்ஸாஸ்டின் மேல் ஆயிலைப் பீய்ச்சினால் வண்டி தீப்பற்றக்கூடும். கம்பெனி ஓஸ் கிடைக்காவிட்டால், மண் அள்ளும் இயந்திரங்களின் ஓஸ்களுக்கு இரும்பு முனைகளை அழுத்திப் பொருத்திக் கொடுக்கும் கடைகளில், பழைய இரும்பு முனைகளைக் கொடுத்து, பவர் ஸ்டீயரிங்குக்கு என்று சொல்லியே புது ஓஸ் போட்டு வாங்கலாம். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய ஓஸ் மட்டும் வாங்காதீர்கள். அதுவும் உங்கள் ஓஸின் வயதுடையதாகத்தான் இருக்கும்.

பம்பில் பெல்ட் சுற்றும் புல்லிக்குப் பின்னால் சொட்டினால், பம்பின் தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் ஷாஃப்ட் சீல் போய்விட்டது என்று பொருள். இந்த பென்ஸில் இருப்பது பழைய முறை ஸ்டீயரிங் பாக்ஸ் என்பதால், அதன் அடியில், சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளை அசைக்கும் பிட்மேன் ஆர்ம் என்ற இரும்புக் கை மாட்டியிருக்கும் ஷாஃப்டைச் சுற்றியும் ஒரு சீல் உண்டு. ஆர்மைப் புல்லர் என்ற இழுக்கும் கருவியைப் போட்டுத்தான் கழற்ற வேண்டும். சுத்தியலால் அடித்தால் பாக்ஸின் உள்ளே அடிபடும். ஷாஃப்டில் பழைய சீல் தேய்த்த பள்ளம் இருந்தால், புது சீலின் விளிம்பு அந்தப் பள்ளத்தில் விழாதபடி சற்றுத் தள்ளிப் பொருத்தத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே மாதத்தில் மறுபடியும் ஒழுகும்.

கட்டுரையில் பரிந்துரைத்திருந்த கசிவு நிறுத்தும் மருந்தைப் பற்றியும் ஒரு சொல். அது சீல் ரப்பரை ஊறவைத்துப் பருக்கவைத்துத்தான் ஒழுகலை நிறுத்துகிறது. ஒடிந்துபோன ஓ-ரிங்கையோ வெடித்த ஓஸையோ அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நன்றாக இருக்கும் மற்ற ரப்பர்களும் நாளடைவில் தளர்ந்துவிடக்கூடும். விற்கப் போகும் வண்டிக்கு அதை ஊற்றுகிறார்கள் என்பதை வாங்குபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அதைவிடப் பெரிய தீங்கு, ஆயில் குறைந்துவிட்டது என்று அவசரத்தில் பிரேக் ஆயிலை ஊற்றுவது. பெயரில்தான் அது ஆயில். கிளைக்கால் வகைத் திரவமான அது, பவர் ஸ்டீயரிங்கின் சீல்களை எல்லாம் ஒன்றாகக் கெடுத்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் நூறு ரூபாய் ஒழுகலை உண்மையாகவே பம்ப், பாக்ஸ் செலவாக மாற்றிக்கொண்டது இப்படித்தான்.

வேலை முடிந்ததும், ஆயில் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றாமல் இன்ஜினை முடுக்கக் கூடாது. முன் சக்கரங்களை ஜாக்கி போட்டுத் தூக்கி, தாங்கி வைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிடாமலே ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் பதினைந்து, இருபது முறை மெதுவாகத் திருப்பி, டப்பாவில் குறையக் குறைய ஆயில் ஊற்ற வேண்டும். நுரையோடு ஓடும் பம்ப் முனகும். அந்த முனகலைக் கேட்டே பம்ப் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. ஆயில் இல்லாமல் பல நாள் ஓடி, டப்பாவின் அடியில் சாம்பல் நிறத்தில் இரும்புப் பொடி படிந்திருந்தால் மட்டும் நானும் பம்பை மாற்றவே சொல்வேன்.

என் வண்டியில் பாக்ஸின் அடி சீல் இன்னும் இலேசாக வியர்க்கிறது. மாதம் ஒருமுறை துடைத்துவிட்டு, டப்பாவின் அளவைப் பார்த்துக்கொள்கிறேன். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போவதற்கு முந்தின நாள் இரவு மட்டும் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்துக் காலையில் எடுத்துப் பார்ப்பது வழக்கம். அட்டையில் சொட்டு விழத் தொடங்கினால் சீலை மாற்றுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்.