அப்பா போட்ட கணக்கும் நான் போட்ட கணக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

"வீட்டை வித்துட்டு ஏதாவது செலவு கம்மியான நாட்டுக்குப் போய் நிம்மதியா இருங்கம்மா" என்று நீ சொன்னாலும் சொன்னாய், அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. தாய்லாந்து, மலேசியா, போர்ச்சுகல் என்று பொழுதுக்கும் யூடியூப்தான். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வீடியோக்காரர்கள் எல்லோரும் வாடகையும் சாப்பாடும் எவ்வளவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது குறைவுதான், அதில் எனக்குத் தகராறு இல்லை. அவர்கள் சொல்லாமல் விட்டதைத்தான் நான் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்.

முதலில் உள்ளே நுழையும் செலவு. தாய்லாந்தில் ஐம்பது வயது தாண்டியவர்கள் ஓய்வுக்காலத்தைக் கழிக்கத் தங்கலாம். அதற்கு அங்கே உள்ள வங்கியில் 8 லட்சம் பாத் போட்டு வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். போட்ட பணத்தில் பாதிக்கு மேல் ஒருபோதும் கை வைக்க முடியாது, மீதியையும் வருடத்தில் சில மாதங்கள்தான் எடுக்கலாம். நம் பணம்தான், ஆனால் நமக்கு உதவாது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், 90 நாளுக்கு ஒருமுறை இன்ன விலாசத்தில் இருக்கிறோம் என்று தெரிவிக்க வேண்டும். பனாமாவில் ஆயுள் முழுக்க மாதம் ஆயிரம் டாலர் ஓய்வூதியம் வருகிறது என்று காட்டினால் போதுமாம். அங்கே டாலரே புழங்குவதால், டாலரில் ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு நாணய மாற்றுக் கவலையும் இல்லை. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்த மாற்று விகிதம் லேசுப்பட்டதல்ல. 2007 வாக்கில் ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்கு 65 பாத்துக்கு மேல் கிடைத்தது. 2019-ல் நாற்பதை ஒட்டி வந்துவிட்டது. முன்னதை நம்பிப் போனவர்களுக்கு, ஒரு காசு கூடுதலாகச் செலவழிக்காமலே வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. போதாக்குறைக்கு, பிரிட்டனின் அரசு ஓய்வூதியம் தாய்லாந்தில் குடியிருப்பவர்களுக்கு வருடா வருடம் உயராது. பிலிப்பைன்ஸில் இருந்தால் உயரும். நாட்டைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் கடற்கரையைப் பார்க்கிறார்களே தவிர இதையெல்லாம் பார்ப்பதில்லை.

சட்டமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. வெளிநாட்டவர் நீண்ட காலம் தங்குவதற்கென்று மலேசியா 2002-ல் ஆரம்பித்த திட்டத்தை 2021-ல் மாற்றியபோது, வெளிநாட்டு வருமானம் மாதம் 10,000 ரிங்கிட் இருந்தால் போதும் என்றிருந்தது ஒரேயடியாக 40,000 ஆயிற்று. பழைய ஆட்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள், அதற்குள் அவர்கள் வயிற்றில் புளியைக் கரைத்தாகிவிட்டது. 2024-ல் மறுபடி மாற்றினார்கள். போர்ச்சுகல் 2009-ல் கொண்டுவந்த சலுகையில் வெளிநாட்டு ஓய்வூதியத்துக்குப் பத்து வருடம் வரி இல்லை. 2020-ல் புதிதாக வருகிறவர்களுக்குப் பத்து சதவீதம் என்றார்கள், 2024-ல் கதவையே சாத்திவிட்டார்கள். அப்பா ரசித்துப் பார்க்கிற வீடியோ அதற்கு முன்னால் எடுத்தது!

வைத்தியச் செலவைப் பற்றி நீயே யோசித்துப் பார். அமெரிக்காவில் வயதானவர்களுக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பொதுவாக அந்த நாட்டு எல்லைக்கு வெளியே செல்லாது. மற்ற நாடுகளின் அரசு வைத்தியமும் பெரும்பாலும் அப்படித்தான். தனியாகக் காப்பீடு எடுத்தால் வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும். ஏற்கெனவே இருக்கிற நோயை ஒதுக்கிவிடுவார்கள். அப்பாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, ரத்தக் கொதிப்பும் இருக்கிறது. வயதானால் பலர் புதிதாக எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள்.

இனி சொல்வதைக் கேட்டு நீ வருத்தப்படக் கூடாது. எங்கள் இரண்டு பேரில் ஒருவர் முந்திப் போவோம். விசா அப்பா பேரில், நான் அவரைச் சார்ந்தவள் என்ற பேரில். வங்கிப் பணமும் அவர் பேரில். அவர் போன மறுநாளிலிருந்து நான் அங்கே எந்த உரிமையில் இருப்பேன்? என் பேரில் மறுபடி தகுதி காட்ட வேண்டும். அவர் கணக்கில் உள்ள பணம் வாரிசுச் சான்று, உயில் என்று முடங்கிக் கிடக்கும். குடும்ப ஓய்வூதியமாக எனக்கு வருவதோ அவர் வாங்கியதைவிடக் குறைவு. மொழி தெரியாத ஊரில், அந்த நிலையில், ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைய என்னால் ஆகாது. இதற்கு எந்த வீடியோவிலும் பதில் இல்லை. அப்பாவும் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

அதனால் போகவே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வீட்டை விற்க வேண்டாம் என்கிறேன். வாடகைக்கு விட்டுவிட்டுப் போவோம். அங்கேயும் வாடகைக்கே இருப்போம், ஒரு முழு வருடம், மழைக்காலமும் சேர்த்து. தாய்லாந்தில் வெளிநாட்டுக்காரர் பேரில் பொதுவாக நிலம் வாங்க முடியாது, அடுக்குமாடி வீடு மட்டும்தான், அதிலும் ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் கையில் இருக்கக் கூடாது. அவசரத்துக்கு விற்றுவிட்டு வரக்கூடிய சொத்தாக எனக்குப் படவில்லை. இரண்டு பேர் திரும்பி வரும் டிக்கெட்டுக்கும், வந்து ஆறு மாதம் காலூன்றுவதற்கும் தனியாகப் பணம் எடுத்து வைத்த பிறகுதான் பெட்டி கட்டுவேன்.

நீ எனக்கு ஒரு காரியம் செய். அப்பாவுக்கு இப்போதைய வயதிலும், எழுபத்தைந்து வயதிலும் காப்பீட்டுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து எழுது. சர்க்கரை இருப்பதை மறைக்காமல் சொல்லியே கேள். என் பேரில் தனியாக விசா எடுத்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்றும் பார். அப்பா கேட்டால், சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா