அபிங்டனிலிருந்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கிலாந்தில் நான் சுகம். குலசேகரத்தில் மழை ஓயாததால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்றுவிட்டது என்று அம்மா போனில் சொன்னாள். இங்கே மழையைவிட இருட்டுதான் தொல்லை. மாலை நான்கரைக்கெல்லாம் பட்டறையில் விளக்குப் போடுகிறோம்.

என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். இப்போது கையில் இருப்பது 1967ஆம் ஆண்டு எம்.ஜி.பி., கூரை திறக்கும் கார். எம்.ஜி. என்றால் மோரிஸ் கராஜஸ். நம் அம்பாசடரும் மோரிஸ் ஆக்ஸ்போர்டுதானே, ஒரே குடும்பம். 1980 வரை இந்த வண்டியை இதே ஊரில்தான் செய்தார்கள். தொழிற்சாலை போய்விட்டது, வண்டிகளும் அவற்றின்மேல் பைத்தியமான கிழவர்களும் மிச்சம்.

முன்பக்கம் முழுவதையும் கழற்றியாயிற்று. அம்பாசடரில் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கிக்கொடுக்கும் இரும்புத் தண்டு, டார்ஷன் பார்; இதில் சுருள் ஸ்பிரிங். சக்கரத்தை மேலே தாங்கிப் பிடிக்கும் மேல் ஆர்ம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஷாக் அப்சார்பரின் கையே அந்த வேலையையும் பார்க்கிறது. அதன் பேரிங் தேய்ந்தால் சக்கரமே ஆடும். ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, மேல் போல்டைக் கழற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் ஸ்பிரிங் ஆளையே அடித்துவிடும்.

முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சுக் கம்பி, கிங்பின்; அதில் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள், கிரீஸ் ஏற்றும் வாய்கள். யாரும் கிரீஸ் அடித்ததாகத் தெரியவில்லை. குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு வேறு தின்றிருக்கிறது. கிங்பின் உட்காரும் குழாய்த்துண்டான புஷ்ஷைப் புதிதாக அடித்து இறக்கினால் முடிந்ததில்லை; கிங்பின் பிசகாமல் போகும் அளவுக்கு, துளையைச் சீவி அளவாக்கும் ரீமர் போட்டுக் கடைய வேண்டும். அதற்கே ஒரு பகல் போயிற்று, முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மார்த்தாண்டத்தில் நம் பட்டறை என்றால் வாடிக்கையாளர் வாசலில் நின்று கத்தியிருப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கீழ் ஆர்மில் ரப்பர் புஷ் போடும்போது அதன் போல்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இங்கே இறுக்குவதில்லை. சக்கரம் மாட்டி, தரையில் இறக்கி, பாரம் விழுந்த பிறகுதான் கடைசி முறுக்கு. தொங்கும்போதே இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழிகிறது. புஷ் நிற்பதில்லை என்று களியக்காவிளைச் சாலையைத் திட்டுவீர்களே, பாதிக் குற்றம் நம் பையன்களின் ஸ்பேனரில் இருக்கிறது. நீங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

வண்டிக்காரர் ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் புஷ் கேட்டார். நாள்பட உழைக்கும், ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும். நான் ரப்பருக்கே வாதாடி ஜெயித்தேன். அப்பாவிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.

அடுத்த வாரம் பணம் அனுப்புகிறேன். அம்மாவின் கண் மருந்துக்குப் போக மீதியில் நல்ல ரீமர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
தம்பி