அப்டேட் நின்றால் ஃபார்மட்தான் வழியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக் கணினியில் விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றுவிட்டால், எங்கள் பகுதிக் கடைகளில் கிடைக்கும் ஒரே பதில் ‘ஃபார்மட் பண்ணிடலாம்’, அதாவது சி டிரைவை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடலாம் என்பதுதான். சென்ற மாதம் என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் தம் கணினியைக் கொடுத்து வாங்கினார். அப்டேட் ஏறிவிட்டது, ஆனால் டெஸ்க்டாப்பில் அவர் வைத்திருந்த மூன்று போகத்து நடவுக் கூலிக் கணக்கும், ஸ்கேன் செய்து வைத்திருந்த சிட்டா, அடங்கல் நகல்களும் போய்விட்டன. சி டிரைவை அழித்தால் டெஸ்க்டாப்பும் சேர்ந்தே அழியும் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். கணினிப் படிப்பு ஏதும் படித்தவன் அல்லன். கடந்த ஆண்டு என் கணினியும் இதே போல் அடம் பிடித்தது. கடைக்குத் தூக்கிச் செல்லச் சோம்பல்பட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தபோதுதான் திரையின் வலது கீழ் மூலை கண்ணில் பட்டது. வெளியே ஐப்பசி அடைமழை. கணினியோ ஜனவரி 1 என்று, அதுவும் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி அங்கேயே திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. மதர்போர்டில் கடிகாரத்தை ஓடவைக்கும் சி.ஆர். 2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோனதுதான் காரணம். அப்டேட் தரும் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்றைய தேதியில் செல்லுமா என்று கணினி முதலில் சரிபார்க்கும். தன் தேதியே தவறாக இருந்தால், நல்ல சான்றிதழையும் செல்லாது என்று தள்ளிவிடும். கைக்கடிகாரக் கடையில் ஐம்பது ரூபாய்க்குள் வாங்கிய பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தியதும் அப்டேட் இறங்கத் தொடங்கியது.

ஆனாலும் நிறுவும்போது மீண்டும் தோற்றது. இம்முறை திரையில் 80070070 என்று முடியும் பிழை எண் வந்தது. வட்டில் இடம் போதவில்லை என்பதே அதன் பொருள். சி டிரைவில் நான்கு ஜி.பி.கூட மிச்சமில்லை. பேத்தியின் படங்களை வேறு டிரைவுக்கு மாற்றி, செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் சென்று தற்காலிகக் கோப்புகளை நீக்கிய பின் அப்டேட் ஒழுங்காக ஏறியது. ஒரே கணினியில் அடுத்தடுத்து இரண்டு கோளாறுகள், இரண்டுக்கும் வெவ்வேறு காரணங்கள். ஃபார்மட் செய்திருந்தால் செத்த பேட்டரி அப்படியேதான் இருந்திருக்கும்.

பிழை எண்ணைப் படிக்காமல் ஃபார்மட் செய்வது எவ்வளவு வீண் என்பதற்கு 2024 ஜனவரியில் வந்த விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட் ஒன்றே சாட்சி. விண்டோஸ் பழுதானால் அதைச் சரிசெய்யும் கோப்புகள் இருக்கும் மீட்புப் பகுதியில் 250 எம்.பி. காலியிடம் இல்லாத கணினிகளில் அது 80070643 என்ற எண்ணோடு தோற்றது. மீட்புப் பகுதி வட்டில் தனிப் பிரிவு என்பதால், சி டிரைவில் நூறு ஜி.பி. காலியாக இருந்தாலும், அதை முழுவதும் அழித்து எழுதினாலும் அந்தக் குறை தீராது.

இறங்கிய கோப்பே பழுதாகியிருந்தால், விண்டோஸ் அப்டேட் சர்வீஸை நிறுத்திவிட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷனில் டவுன்லோட் என்பதனுள் இருப்பவற்றை மட்டும் நீக்கி, சர்வீஸை மீண்டும் தொடங்கினால் கணினி புதிதாக இறக்கிக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால், சிஸ்டம் கோப்புகளைச் சரிசெய்யும் டிஸ்ம், எஸ்.எஃப்.சி. என்ற கட்டளைகள் விண்டோஸிலேயே இருக்கின்றன. இத்தனையும் பார்த்த பிறகு ஃபார்மட் என்றால் நானும் மறுக்க மாட்டேன். அப்போதும் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக் கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் அப்டேட் தரும் ஆதரவுக் காலம் முடிந்ததைக் கோளாறாக எண்ணுவோரும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்நிறுவனத்தின் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளாத கணினியில் அப்டேட் வராததற்கு எந்தக் கடைக்காரரும் மருந்து தர முடியாது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினியை விண்டோஸ் 11-ம் ஏற்காது.

மாதாந்திர அப்டேட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. நம் நாட்டில் அப்போது இரவாகிவிடும் என்பதால், பெரும்பாலோர் புதன்கிழமைதான் அதைப் பார்க்கிறோம். ரீஸ்டார்ட் ஆகி முப்பது சதவீதத்தில் நிற்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பது யு.பி.எஸ். இல்லாத வீட்டாருக்குத் தெரியும். தங்கள் நாளிதழில் வரும் ‘நாளைய மின்தடை’ பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் நான் அப்டேட் பொத்தானை அழுத்துகிறேன். அடிக்கடி வரும் ஐந்தாறு பிழை எண்களையும் அவற்றின் காரணங்களையும் தமிழில், அந்தப் புதன்கிழமைகளில் மின்தடைப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே வெளியிட்டால், கணினியைச் சுமந்துகொண்டு கடைக்குப் புறப்படுமுன் வாசகர்கள் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்கக் கணக்கர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.