எறும்புப் பெட்டியோடு வந்த துண்டறிக்கை பற்றிய புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டெம்பரில் உங்களிடம் 4,850 ரூபாய் கொடுத்து எறும்பு வளர்க்கும் பெட்டி ஒன்று வாங்கினேன். ராணியை நீங்கள் தரவில்லை, அதில் எனக்குக் கோபமும் இல்லை. ஒக்டோபரில் நல்ல இடிமழை பெய்த ஒரு இரவு, வெள்ளவத்தையில் எங்கள் மாடிப்படி விளக்கடியில் சிறகு உதிர்ந்த பெரிய கட்டெறும்பு ராணி ஒன்றை நானே பிடித்தேன். மகள் அதற்கு அம்மாச்சி என்று பெயர் வைத்தாள்.

உங்கள் துண்டறிக்கையில் என்ன இருக்கிறது? தினமும் திறந்து பாருங்கள், இரண்டு நாளுக்கு ஒருதரம் சீனித் தண்ணீர் வையுங்கள். அப்படியே செய்தோம். ஐந்தாம் நாள் ஏழு முட்டை. பிறகு தினமும் அவள் இருந்த குழாயின் வாயை அடைத்த பஞ்சை இழுத்து, டோர்ச் அடித்து, சீனித் தண்ணீர் வைத்து, அது பூஞ்சணம் பிடித்ததும் துடைத்து, பதினோராம் நாள் பார்த்தால் ஒரு முட்டையும் இல்லை. அம்மாச்சியே தின்றுவிட்டாள்.

கட்டெறும்பு ராணிக்கு முதல் வேலைக்கார எறும்புகள் வரும்வரை சாப்பாடே வேண்டாம் என்று அதற்குப் பிறகுதான் படித்தேன். சிறகு போனபின் பறக்கும் தசை அவளுக்குத் தேவையில்லை, அது உடம்புக்குள்ளேயே கரைந்து அவளுக்கும் முட்டையிலிருந்து வரும் புழுக்களான குடம்பிகளுக்கும் உணவாகிறது. அவளுக்கு வேண்டியது இருட்டும் ஈரமும் ஆட்டி அசைக்காத இடமும் மட்டும்தான். அடிக்கடி வெளிச்சமும் அதிர்வும் பட்டால் முட்டையைத் தின்றுவிடவும் கூடும். வெளியே போய் இரை தேடுகிற ராணிகளும் சில இனங்களில் உண்டு, அவற்றுக்குச் சாப்பாடு வைக்கத்தான் வேண்டும். அப்படியென்றால் எந்த இனத்துக்கு என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

உங்கள் தொலைபேசியில் பேசிய தம்பி சொன்னது இன்னும் மோசம்: "மிஸ், எறும்புதானே, வேற ஒண்டு பிடிக்கலாமே."

நான் வேறொன்றைப் பிடிக்கவில்லை. புதுக் குழாய் ஒன்றில் தண்ணீர் விட்டு, பஞ்சை இறுக்கி அடைத்து (உங்கள் குழாயில் பஞ்சு தளர்வு, தண்ணீர் கசிந்தது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்), அவளை அதில் மாற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன். கிழமைக்கு ஒருதரம்தான் பார்த்தோம். திரும்பவும் முட்டை, பிறகு குடம்பி, பிறகு கூட்டுப்புழு. ஏழாவது கிழமை முதல் பிள்ளை வெளியே வந்தது, தாயின் பாதிகூட இல்லை. அன்றுதான் ஒரு சொட்டுத் தேன் வைத்தேன்.

முழுப் பணமும் கேட்கவில்லை. பாதியைத் திருப்பித் தாருங்கள், துண்டறிக்கையைத் திருத்துங்கள், ஏற்கனவே வாங்கியவர்களுக்கும் அறிவியுங்கள். 14 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுவேன். பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள், அதில் உருப்படியாக இருந்தது வெளிச்சத்தை மறைக்கச் சுற்றுகிற சிவப்புத் தாள் ஒன்றுதான், அது இப்போது அம்மாச்சியின் குழாயைச் சுற்றி இருக்கிறது.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாடிக்கையாளர்