தண்ணீர்மலை வட்டாரப் பொதுக் கட்டடங்களில் மழைநீர்த் தொட்டி அமைக்கக் கோரும் மனு

பெறுநர்:
மாண்புமிகு மேயர் அவர்கள்,
பினாங்குத் தீவு மாநகர் கழகம், ஜார்ஜ்டவுன்.

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கில் மழைக்குப் பஞ்சமில்லை, பெய்தது தங்குவதில்லை. மொரீசியஸ் போன்ற எரிமலைத் தீவில் மழைநீர் பசால்ட் பாறை வெடிப்புகளில் இறங்கி நிலத்தடியில் சேர்கிறது. அங்குக் குழாய்நீரில் ஏறக்குறையப் பாதி அப்படிக் கிடைப்பதே. நம் மலையோ கருங்கல். மேல்மண் ஊறியதும் மிச்சமெல்லாம் ஓடையாய்க் கடலுக்குப் போகிறது. ஆயர் ஈத்தாம், தெலுக் பகாங் அணைகள் இருந்தும் மாநிலக் குடிநீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் பெருநிலத்திலுள்ள சுங்கை மூடா ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கடலடிக் குழாயில் தீவுக்கு வருகிறது. 2024 ஜனவரியில் பெருநிலத்தில் வால்வு மாற்றியபோது தீவிலும் குழாய் வறண்டது.

மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரியில்தான் தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசமும் வருகிறது. தண்ணீர்ப் பந்தலுக்குச் சுத்திகரித்த நீர் வேண்டும். கழிப்பறைக்கும் தரை கழுவவும் அதையே ஊற்றுவானேன்?

எனவே இவ்வட்டாரத்தில் கழகத்தின் பொறுப்பிலுள்ள மண்டபம், பொதுக் கழிப்பறைக் கூரைகளில் மழைநீரைப் பிடிக்கத் தொட்டி அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை என்றால் 1,000 லிட்டர். சிதறியது போக 800 லிட்டராவது தேறும். 6 லிட்டர் ஃபிளஷ் 130 முறைக்கு மேல் வரும். ஒரு மாத வறட்சிக்கு 5,000 லிட்டர் தொட்டி போதாதுதான். நான்கு நாள் நீர்த்தடையைச் சமாளிக்கும்.

தொட்டி வாங்குவது எளிது. பழுது வருவது சில்லறைச் சாமான்களில். தூசும் பறவை எச்சமும் கலந்த முதல் நீரை, 100 சதுர மீட்டருக்கு 50 லிட்டராவது, தனிக் குழாயில் பிடித்து ஒதுக்க வேண்டும். அதன் அடியில் உள்ள சொட்டுத் துளை இலைச் சேற்றில் அடைத்துக்கொண்டால் அந்தக் குழாய் காலியாகாது. அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குள் இறங்கும். வெளியில் இருந்து ஒன்றும் தெரியாது, நீர் நாறும்போதுதான் தெரியும். அடிமூடியைத் திருகிக் கழுவச் சில நிமிடம் போதும். ஆனால் அது யார் வேலை என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

மிகைநீர்க் குழாய் உள்வரும் குழாயைவிடச் சிறுத்தால் மூடி வழியாக வழியும். அதன் வாயிலும் ஏடிஸ் கொசு புகாத வலை தேவை. வெளிச்சம் புகும் தொட்டியில் பாசி பிடிக்கும். மழையில்லா நாளில் குழாய்நீர் நிரப்ப நேரடி இணைப்பு கூடவே கூடாது; நீர்மட்டத்துக்கு மேலே இடைவெளி விட்டு ஊற்ற வேண்டும். இல்லையேல் அழுத்தம் குறையும் நேரத்தில் மழைநீர் குடிநீர்க் குழாய்க்குள் இழுபடும்.

செப்டம்பர், அக்டோபர் மழைக்கு முன் ஒரு கூரையிலாவது வேலை தொடங்க உத்தரவிட வேண்டுகிறோம். கழகப் பொறியாளர் அளவெடுக்க வரும் நாளைச் சொன்னால் கூரைகளைக் காட்ட நாங்கள் உடனிருப்போம்.

இப்படிக்கு,
தண்ணீர்மலை வட்டாரக் குடியிருப்பாளர்கள்